அமெடே ஆர்துவான்

அமெடே ஆர்துவான் (மார்ச் 11, 1898 – நவம்பர் 3, 1942) ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த அக்கார்டியன் இசைக் கலைஞரும் பாடகரும் ஆவார். பிரெஞ்சு மொழி பேசும் கறுப்பினக் கிரியோல் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், 1929 முதல் 1934 வரையான காலத்தில் 34 பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். லூசியானாவின் வெள்ளை இனத்தவரிடையே வளர்ந்த கேஜன் இசை, கறுப்பினத்தவரிடையே வளர்ந்த சைடெகோ இசை ஆகிய இரண்டு மரபுகளும் இவரைத் தமது முன்னோடியாகக் கொள்கின்றன.

இன ஒதுக்கல் சட்டமாக நடைமுறையில் இருந்த காலத்தில், வெள்ளையர் இல்லங்களில் நடந்த நடன நிகழ்ச்சிகளில் வாசித்துப் பிழைத்தவர் ஆர்துவான். அவ்வாறான ஒரு நிகழ்ச்சிக்குப் பின் தாக்கப்பட்டு, அதனால் மனநலம் குன்றி இறந்தார் எனப் பரவலாக நம்பப்படுகிறது. இவருடைய கல்லறை எதுவென்று அடையாளம் காணப்படவில்லை.

பின்னணி

லூசியானாவின் தென்மேற்குப் பகுதி புல்வெளிகளும் நெல் வயல்களும் நிறைந்த சமவெளியாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு ஆகும். இவர்களை இரு பெரும் பிரிவினராகக் கொள்ளலாம்.

முதலாவது பிரிவினர் கேஜன்கள். இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் இருந்த அக்கேடியா என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்திலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்டு, பின்னர் லூசியானாவை வந்தடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அக்கேடியர் என்னும் பெயரே மருவிக் கேஜன் என்றானது. இரண்டாவது பிரிவினர் கிரியோல்கள். கிரியோல் என்னும் சொல் லூசியானாவில் பல பொருள்களில் வழங்கினாலும், இந்தச் சமவெளிப் பகுதியில் அது பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவரையும் கலப்பினத்தவரையும் குறிக்கும். இவர்களுள் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்.

இரு பிரிவினரும் ஒரே மொழியைப் பேசினர். ஒரே கத்தோலிக்கச் சமயத்தைப் பின்பற்றினர். பெரும்பாலும் ஒரே வறுமையையும் பகிர்ந்துகொண்டனர். இரு பிரிவினரிலும் நிலமற்றவர்கள் வாரத்துக்கு உழுது, விளைச்சலில் ஒரு பகுதியை நில உரிமையாளருக்குக் கொடுத்து வாழ்ந்தனர். ஆனால் சட்டத்தின் முன் இவர்கள் சமமானவர்கள் அல்லர்.

ஆர்துவான் பிறந்த 1898 ஆம் ஆண்டில் லூசியானா மாநிலம் புதிய அரசியலமைப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவு அல்லது சொத்து வேண்டும் என அது விதித்தது. 1867 ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் மட்டும் இந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளித்தது. 1867 இன் தொடக்கத்தில் லூசியானாவின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லாததால், இந்த விலக்கு வெள்ளையருக்கே பயன்பட்டது. 1896 இல் 1,30,000க்கும் மேலாக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900 இல் 5,320 ஆகக் குறைந்தது. இரயில் பெட்டி, பள்ளி, உணவகம் என அனைத்தும் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டன. 1921 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்று மொழியாக்கியது. இதன் மூலம் கேஜன்கள், கிரியோல்கள் ஆகிய இரு சாராரின் தாய்மொழியும் வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்டது.

லூசியானாவில் அக்கார்டியன்

அக்கார்டியன், ஆர்மோனியத்தைப் போலவே, காற்றின் அழுத்தத்தால் அதிரும் உலோக நாக்குகளின் (ரீடுகளின்) மூலம் ஒலி எழுப்பும் இசைக்கருவியாகும். ஆர்மோனியத்தில் துருத்தி பெட்டியின் பின்புறம் இருக்கும். அக்கார்டியனிலோ இரண்டு பெட்டிகளுக்கு இடையில் துருத்தி அமைந்திருக்கும். வாசிப்பவர் அதை இரு கைகளாலும் விரித்தும் சுருக்கியும் இயக்குவார். 1829 இல் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் அக்கார்டியன் என்னும் பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவு, உறுதி, உரத்த ஒலி ஆகிய காரணங்களால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கருவி ஐரோப்பாவிலிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது.

லூசியானாவில் பெரிதும் வழங்கியது ஒரே வரிசையில் பத்துப் பொத்தான்களைக் கொண்ட சிறிய வகை அக்கார்டியன் ஆகும். இதில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுரங்களைத் தரும்; துருத்தியைச் சுருக்கும்போது ஒரு சுரமும் விரிக்கும்போது வேறொரு சுரமும் ஒலிக்கும். இதனால் விரைவான மெட்டுகளை வாசிப்பவர் துருத்தியின் திசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இழுப்பும் தள்ளலுமே கேஜன், கிரியோல் இசைக்கு உரிய துள்ளலான தாள ஓட்டத்தைத் தருகின்றன. ஒரு பொத்தானை அழுத்தும்போது நான்கு ரீடுகள் வரை ஒன்றாக ஒலிக்கும் வகையில் கருவி அமைக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியும் மின்சாரமும் இல்லாத வீடுகளில், நூறு பேர் கால் தட்டி ஆடும் ஓசையையும் மீறிக் கேட்கக் கூடியதாக இது இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் செய்யப்பட்ட மோனார்க், ஸ்டெர்லிங் ஆகிய வகைகள் லூசியானா இசைக் கலைஞர்களால் பெரிதும் விரும்பப்பட்டன. அக்கார்டியன் வருவதற்கு முன் இப்பகுதியின் முதன்மைக் கருவியாக இருந்தது பிடில் ஆகும். அக்கார்டியன் வந்த பின்னர் பிடில் அதற்குத் துணைக் கருவியானது. வைக்கோல் வாரியின் இரும்புப் பற்களை வளைத்துச் செய்த முக்கோணம் தாளக் கருவியாகப் பயன்பட்டது.

இளமை

ஆர்துவான் லூசியானாவின் பேசில் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். இவருடைய முன்னோர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். இவருடைய குடும்பம் வேளாண்மையை நம்பி வாழ்ந்தது. ஆர்துவானுக்கு வயல் வேலையில் நாட்டம் இருக்கவில்லை என்றும், இளமையிலேயே அக்கார்டியன் வாசிப்பதில் முழுக் கவனத்தையும் செலுத்தினார் என்றும் இவரை அறிந்தவர்கள் நினைவு கூர்ந்துள்ளனர். உருவத்தில் சிறியவரான இவர், அக்கார்டியனை ஒரு சாக்குப் பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நடன வீடுகளைத் தேடி ஊர் ஊராகச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

இதே பகுதியில் வாழ்ந்த கிரியோல் அக்கார்டியன் கலைஞர் ஆடம் ஃபோன்டெனோ ஆர்துவானின் காலத்தவர். ஆடமின் மகனும் பின்னாளில் புகழ்பெற்ற பிடில் கலைஞருமான கான்ரே ஃபோன்டெனோ (1922–1995) சிறுவனாக இருந்தபோது ஆர்துவானை நேரில் அறிந்திருந்தார். ஆர்துவானின் உறவினரான அல்ஃபோன்ஸ் ஆர்துவான் (1915–2007), இளம் வயதில் இவருக்கு முக்கோணம் வாசித்தார். புவா செக் என்னும் பெயரால் அறியப்பட்ட அல்ஃபோன்சும் பின்னர் சிறந்த அக்கார்டியன் கலைஞரானார். ஆர்துவானைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகளில் பெரும்பகுதி, இவர்களைப் போன்று இவரை நேரில் கண்டவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் கூறியவையே ஆகும்.

டெனிஸ் மெக்கீயுடன் கூட்டு

டெனிஸ் மெக்கீ (1893–1989) வெள்ளை இனத்தைச் சேர்ந்த கேஜன் பிடில் கலைஞர் ஆவார். இவரும் ஆர்துவானும் ஒரே நில உரிமையாளரிடம் வாரத்துக்கு உழுதவர்கள். பகலில் ஒரே வயலில் வேலை செய்த இருவரும் இரவில் இணைந்து வாசிக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் பொதுமக்கள் முன்னிலையில் இணையாக அமர்ந்து வாசிப்பது தென் மாநிலங்களில் அரிதானதாகும்.

இவர்கள் வாசித்த இடங்கள் பெரும்பாலும் தனியார் வீடுகள். சனிக்கிழமை மாலையில் ஒரு வீட்டின் மரச் சாமான்கள் வெளியே எடுத்து வைக்கப்படும். அக்கம் பக்கத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து சேரும். குழந்தைகளை ஓர் அறையில் உறங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் விடியும் வரை ஆடுவர். கேஜன்கள் இத்தகைய நடனத்தை ஃபே டோ டோ என்று அழைத்தனர். குழந்தையைத் தூங்கச் சொல்லும் பிரெஞ்சுச் சொற்களே இப்பெயருக்கு மூலம் எனக் கூறப்படுகிறது. கிரியோல்கள் தமது வீட்டு நடனத்தை லா லா என்றனர்.

கேஜன் நடனங்களுக்குக் கறுப்பினத்தவர் விருந்தினராக வர இயலாது. கறுப்பினக் கலைஞர் வாசிப்பதற்காக மட்டும் வரலாம். ஆர்துவானின் வாசிப்பு நடனத்துக்கு மிகவும் ஏற்றதாக இருந்ததால், வெள்ளையர் வீடுகளில் இவருக்குத் தொடர்ந்து அழைப்பு இருந்தது. வாரத்துக்கு உழுபவர் கண்ணால் காண அரிதான ரொக்கப் பணத்தை இவர் இதன் மூலம் ஈட்டினார். ஆனால் அந்த வீடுகளில் இவருடைய பாதுகாப்பு, உடன் வரும் வெள்ளையர்களின் ஆதரவையும் கூடியிருப்போரின் மனநிலையையும் பொறுத்தே இருந்தது.

இசைத்தட்டுப் பதிவுகள்

1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு மொழியினருக்கும் இனத்தவருக்கும் தனித்தனியே தட்டுகளை வெளியிட்டுச் சந்தையை விரிவாக்கின. 1928 ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜோ ஃபால்கனும் கிளியோமா பிரோவும் கொலம்பியா நிறுவனத்துக்காக ஒரு தட்டைப் பதிவு செய்தனர். முதல் கேஜன் இசைத்தட்டாகக் கருதப்படும் இது நன்கு விற்றதால், மற்ற நிறுவனங்களும் லூசியானாவின் பிரெஞ்சுப் பாடகர்களைத் தேடத் தொடங்கின. 1929 அக்டோபரில் டக்ளஸ் பெல்லார்ட் என்னும் பிடில் கலைஞரும் கர்பி ரைலி என்னும் அக்கார்டியன் கலைஞரும் பதிவு செய்த தட்டுகள் கறுப்பினக் கிரியோல் கலைஞர்களின் முதல் தட்டுகளாக அறியப்படுகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்துவான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார்.

ஆர்துவானின் பதிவுகள் பின்வருமாறு:

- டிசம்பர் 1929, நியூ ஓர்லியன்ஸ், கொலம்பியா நிறுவனம்: 6 பாடல்கள், டெனிஸ் மெக்கீயின் பிடிலுடன்.
- நவம்பர் 1930, நியூ ஓர்லியன்ஸ், பிரன்ஸ்விக் நிறுவனம்: 10 பாடல்கள், மெக்கீயுடன்.
- ஆகஸ்ட் 1934, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ, புளூபேர்ட் நிறுவனம்: 6 பாடல்கள், மெக்கீயுடன்.
- டிசம்பர் 1934, நியூயார்க், டெக்கா நிறுவனம்: 12 பாடல்கள், தனியாக.

முதல் பதிவு நடந்தது பங்குச் சந்தை வீழ்ச்சிக்குச் சில வாரங்களுக்குப் பின்னராகும். தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் இசைத்தட்டு விற்பனை கடுமையாகச் சரிந்தது. இரண்டாவது பதிவுக்கும் மூன்றாவது பதிவுக்கும் இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இடைவெளி விழுந்ததற்கு இச்சரிவே பின்னணியாகும்.

இப்பாடல்களில் பலவற்றின் தலைப்புகள் யூனிஸ், பேசில், எல்ட்டன், கெய்டன், ஓபர்லின், ஓப்பலூசஸ், கிரௌலி, ஜென்னிங்ஸ் ஆகிய ஊர்களின் பெயர்களைக் கொண்டுள்ளன. இவை அனைத்தும் தென்மேற்கு லூசியானாவின் சமவெளி ஊர்களாகும். தமது ஊரின் பெயரைத் தாங்கிய தட்டை அவ்வூரார் விரும்பி வாங்கியிருப்பர் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. வேறு சில தலைப்புகளில் ஆர்துவான் குடும்பத்தினரின் பெயர்கள் உள்ளன.

இசை நடை

ஆர்துவானின் தட்டுகளில் வால்ட்சு எனப்படும் மூன்றடித் தாள நடனமும், விரைவான ஒன்-ஸ்டெப், டூ-ஸ்டெப் நடனங்களும், புளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்கப் பாடல் வடிவமும் இடம்பெறுகின்றன. வால்ட்சு ஐரோப்பாவிலிருந்து வந்த நடன வடிவம். புளூஸ் தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளர்களிடையே தோன்றிய வடிவம். இவை இரண்டையும் ஒரே சிறிய கருவியில், பிரெஞ்சு மொழிப் பாடலோடு இணைத்து வாசித்ததே ஆர்துவானின் தனித்தன்மை எனலாம்.

இவர் தாள அழுத்தங்களை எதிர்பாராத இடங்களில் வைத்து வாசித்தார். வலது கை மெட்டை நுணுக்கமான அலங்காரங்களோடு வாசிக்க, துருத்தியின் அசைவு தாளத்தைத் தாங்கிச் சென்றது. மெக்கீயின் பிடில் சில இடங்களில் அதே மெட்டைத் தொடர்ந்தும், சில இடங்களில் கீழ்ச் சுரங்களில் தாளத்தைத் தந்தும் துணை நின்றது.

குரலை உச்ச நிலையில் வைத்து, அழுகைக்கு நெருக்கமான தொனியில் பாடுவது இவருடைய வழக்கம். கைவிடப்பட்ட காதல், தாயைப் பிரிதல், வீடின்றி அலைதல், தனிமை ஆகியவையே இவர் பாடல்களின் பெரும்பான்மையான பொருள்கள். நடன இரவுகளில் இவர் வரிகளை அப்போதைக்கப்போது புனைந்து பாடினார் என்றும், எதிரில் ஆடுவோரைப் பற்றியும் பாட்டில் சேர்த்துக்கொண்டார் என்றும் கூறப்படுகிறது. வெள்ளையர் கூடிய இடத்தில் கறுப்பினப் பாடகர் ஒருவர் இவ்வாறு பாடுவது துணிவான செயலாகும்.

1934 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவான 12 பாடல்களில் பிடில் இல்லை. அக்கார்டியனும் குரலும் மட்டுமே உள்ளன. சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில், ஆங்கிலம் பேசும் பெருநகரத்தில் பதிவான இத்தட்டுகள் இவருடைய கடைசிப் பதிவுகளாயின.

தாக்குதல்

1930களின் நடுப்பகுதியில் லூசியானாவின் இசை விருப்பம் மாறத் தொடங்கியது. எண்ணெய் வயல்களில் வேலை தேடி வந்த டெக்சாஸ்காரர்களும், பெருகிவந்த வானொலியும் ஆங்கிலப் பாடல்களைக் கொண்டுவந்தனர். பிடிலும் கித்தாரும் கொண்ட குழுக்கள் இசைத்தட்டுகளில் இடம்பிடித்தன. அக்கார்டியன் அவற்றிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. ஆர்துவானுக்குப் புதிய பதிவுகள் கிடைக்கவில்லை. எனினும் இவர் வீட்டு நடனங்களில் தொடர்ந்து வாசித்துவந்தார்.

1930களின் இறுதியில் யூனிஸ் அருகே வெள்ளையர் வீடொன்றில் நடந்த நடனத்தின்போது நிகழ்ந்ததாகக் கூறப்படும் சம்பவம் ஆர்துவானின் வாழ்வைப் பற்றிய செய்திகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டதாகும். வெப்பம் மிகுந்த இரவில் வியர்வை வழிய வாசித்துக்கொண்டிருந்த ஆர்துவான், முகம் துடைக்க ஒரு துணி கேட்டார். வீட்டுக்காரரின் மகள் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். இதைக் கண்டு சினமுற்ற வெள்ளையர் சிலர், நடனம் முடிந்து இவர் தனியே நடந்து செல்லும்போது வழிமறித்துக் கடுமையாகத் தாக்கினர். கீழே விழுந்தவரின் மீது காரை ஏற்றியதில் தலையும் தொண்டையும் நசுங்கின. மறுநாள் இவர் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கக் காணப்பட்டார்.

கான்ரே ஃபோன்டெனோவும், கேஜன் பிடில் கலைஞர் வேட் ஃபுரூஷேயும் இச்சம்பவத்தைப் பல்லாண்டுகளுக்குப் பின் விவரித்துள்ளனர். நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடரில் அவர்களுடைய கூற்றுகள் பதிவாகியுள்ளன. தாக்குதலுக்குப் பின் ஆர்துவான் உயிர் பிழைத்தாலும், குரல் பாதிக்கப்பட்டது. பசியைக்கூட உணராத அளவுக்கு மனம் குலைந்தது. பிறரே உணவூட்ட வேண்டியிருந்தது என்று ஃபோன்டெனோ நினைவு கூர்ந்துள்ளார்.

இறப்பு

1942 செப்டம்பரில் ஆர்துவான் மத்திய லூசியானாவின் பைன்வில் நகரில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின், நவம்பர் 3 அன்று, தமது 44 ஆம் வயதில் அங்கேயே இறந்தார். மருத்துவமனையின் பொது இடுகாட்டில் பெயர்க் கல் எதுவும் இன்றிப் புதைக்கப்பட்டார்.

இறப்புக்கான காரணம் குறித்த கருத்துகள்

ஆர்துவானின் நோய்க்கும் இறப்புக்கும் காரணம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மூன்று கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன.

1. தாக்குதல்: மேலே கூறப்பட்ட கைக்குட்டைச் சம்பவமே காரணம் என்பது கிரியோல் சமூகத்திலும் கேஜன் இசைக் கலைஞர்களிடையேயும் வலுவாக நிலவும் கருத்து.
2. நஞ்சு: பொறாமை கொண்ட சக பிடில் கலைஞர் ஒருவர் நஞ்சு கொடுத்தார் என்பது டெனிஸ் மெக்கீ கூறிய கருத்து.
3. நோய்: பாலியல் நோய் முற்றி மூளையைப் பாதித்ததே மனநலக் குலைவுக்கும் இறப்புக்கும் காரணம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் முடிவு.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. தாக்கப்பட்ட ஒருவர் நோயாலும் வருந்தியிருக்கக் கூடும். தாக்குதல் பற்றிய செய்தி நேரில் அறிந்தோரின் வாய்மொழியாகவே கிடைக்கிறது. கறுப்பினத்தவரின் மீது வெள்ளையர் நடத்திய வன்முறைகள் அக்காலத் தென் மாநிலங்களில் பெரும்பாலும் விசாரணைக்கே வராமற்போயின என்பதால், எழுத்துச் சான்று இல்லாமை ஒன்றையே கொண்டு இச்செய்தியை ஒதுக்கிவிட இயலாது.

கேஜன் இசையில் செல்வாக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய லூசியானா இளைஞர்கள் பழைய பிரெஞ்சு இசையை மீண்டும் நாடினர். அக்கார்டியன் மறுபடியும் முன்னிலைக்கு வந்ததில் பெரும் பங்கு ஐரி லெஜூன் (1928–1955) என்னும் கேஜன் கலைஞருக்கு உண்டு. பார்வைக் குறைபாடு உடைய இவர் ஆர்துவானின் பழைய தட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர். 1948 முதல் இவர் வெளியிட்ட தட்டுகளில் ஆர்துவானின் மெட்டுகளும், அழுகைத் தொனி கொண்ட பாடும் முறையும் தெளிவாகப் புலப்படுகின்றன. 1955 இல் சாலையோரத்தில் கார்ச் சக்கரம் மாற்றும்போது நேர்ந்த விபத்தில் லெஜூன் இறந்தார். அதற்குள் அவருடைய பாடல்கள் கேஜன் இசையின் அடிப்படைப் பாடல்களாகிவிட்டிருந்தன.

இதனால் ஆர்துவானின் மெட்டுகள் பல, அவருடைய பெயரை அறியாத கேஜன் கலைஞர்களாலும் வாசிக்கப்பட்டன. 1929 இல் பதிவான யூனிஸ் டூ-ஸ்டெப் பின்னர் ஜோலி கத்தென் என்னும் பெயரில் பரவலாக வழங்கியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். போரினால் ஜெர்மனியிலிருந்து வரும் கருவிகள் நின்றுபோகவே, லேக் சார்ல்ஸ் நகரைச் சேர்ந்த சிட்னி பிரவுன் போன்றோர் லூசியானாவிலேயே அக்கார்டியன் செய்யத் தொடங்கினர். ஆர்துவான் வாசித்த பழைய வகைக் கருவிகளே இவர்களுக்கு மாதிரியாக அமைந்தன.

கிரியோல், சைடெகோ இசையில் செல்வாக்கு

கிரியோல் சமூகத்தில் ஆர்துவானின் மரபை நேரடியாகத் தொடர்ந்தவர்கள் அல்ஃபோன்ஸ் ஆர்துவானும் கான்ரே ஃபோன்டெனோவும் ஆவர். அக்கார்டியனும் பிடிலுமாக இணைந்து வாசித்த இவ்விருவரும் 1966 இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பங்கேற்றனர். 1986 இல் இருவருக்கும் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது வழங்கப்பட்டது. அல்ஃபோன்சின் பேரன்களான ஷான் ஆர்துவானும் கிறிஸ் ஆர்துவானும் சைடெகோ இசைக் கலைஞர்கள் ஆவர்.

சைடெகோ என்னும் வடிவத்தை உலகறியச் செய்தவர் ஓப்பலூசஸ் நகரில் பிறந்த கிளிஃப்டன் ஷெனியர் (1925–1987) ஆவார். இவர் பத்துப் பொத்தான் கருவிக்கு மாற்றாகப் பியானோ விசைகள் கொண்ட பெரிய அக்கார்டியனைத் தேர்ந்தார். அதனால் நகர்ப்புற புளூஸ் இசையின் எல்லாச் சுரங்களையும் வாசிக்க முடிந்தது. மார்பில் அணிந்து வாசிக்கும் நெளிதகடு இவருடைய குழுவின் அடையாளமானது. கருவியும் ஒலியும் மாறினாலும், வால்ட்சையும் புளூசையும் பிரெஞ்சுப் பாடலையும் ஒரு கறுப்பினக் கலைஞரின் அக்கார்டியனில் இணைக்கும் வழியை ஆர்துவானின் தட்டுகள் ஒரு தலைமுறைக்கு முன்பே காட்டியிருந்தன.

பிற அக்கார்டியன் மரபுகளுடன் ஒப்பீடு

ஆர்துவான் 1934 இல் பாடல்களைப் பதிவு செய்த சான் அன்டோனியோ நகரில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே புளூபேர்ட் நிறுவனத்துக்காக நார்சிசோ மார்ட்டினெஸ் (1911–1992) பதிவு செய்தார். டெக்சாஸின் மெக்சிக்க மக்களிடையே வளர்ந்த கொன்ஹுன்டோ இசையின் தந்தையாக இவர் போற்றப்படுகிறார். ஜெர்மானிய, செக் குடியேறிகளின் போல்கா நடன மெட்டுகளை மெக்சிக்க இசையோடு இணைத்தவர் இவர்.

இருவரும் வயல் வேலை செய்த ஏழைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இருவரும் அருகில் வாழ்ந்த வேற்றினத்தவரின் கருவியையும் நடனத்தையும் எடுத்துத் தமதாக்கியவர்கள். ஆனால் மார்ட்டினெஸ் பெரும்பாலும் தம் மக்கள் நடுவே வாசித்தார். 80 வயது வரை வாழ்ந்து தமக்குரிய சிறப்புகளையும் கண்டார். ஆர்துவானின் வருவாய் பிறருடைய வீடுகளை நம்பியிருந்தது. அவருடைய சிறப்பு அவர் இறந்த பின்னரே உணரப்பட்டது.

நினைவு

ஆர்துவானின் பழைய தட்டுகள் 1980களிலிருந்து நெடுந்தட்டாகவும் குறுந்தட்டாகவும் மறுபதிப்புச் செய்யப்பட்டன. 2011 இல் இவருடைய 34 பாடல்களும் ஒரே தொகுப்பாக வெளியாயின.

பைன்வில் இடுகாட்டிலிருந்து ஆர்துவானின் உடலை மீட்டுச் சொந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்னும் விருப்பம் இசைக் கலைஞர்களிடமும் குடும்பத்தினரிடமும் நெடுநாள் இருந்தது. புதைத்த இடம் அறிய இயலாததால் அது நிறைவேறவில்லை. இதற்கு மாற்றாகச் சிலை ஒன்றை நிறுவும் முயற்சி லூசியானாவின் முன்னாள் அரசவைக் கவிஞர் டேரல் போர்க் முதலானோரால் மேற்கொள்ளப்பட்டது. சிற்பி ரசல் வைட்டிங் உருவாக்கிய இச்சிலை 2018 இல் ஓப்பலூசஸ் அருகே செயின்ட் லேன்ட்ரி வட்டாரத்தின் வருகையாளர் மையத்தில் திறந்துவைக்கப்பட்டது.